நாற்பத்தேழாம் எண்ணின் வால்

விலங்குகள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், மோப்பன் என்ற அழுங்கு தன் மனைவி சருகியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓர் அடைமழைக் காலையில். அவள் ஒரு மரப்பட்டையை வாயில் கவ்விக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை.

அழுங்கு என்பது உடம்பெல்லாம் செதில் போர்த்த எறும்புதின்னி. கண் மங்கல், மூக்கு கூர்மை. அந்த மலைக்காட்டில் மோப்பனுக்கு ஒரு வேலை இருந்தது. யாராவது புதிதாக ஓர் உபாயம் கண்டுபிடித்தால் அவனிடம் வந்து சொல்லி உரிமை கேட்பார்கள். அவன் அதை மரப்பட்டையில் நகத்தால் கீறி, ஓர் எண் போட்டுத் தன் குகையில் தொங்கவிடுவான். எண் வாங்கியவரைக் கேட்காமல் வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது. குளவியின் மண்கூடு அங்கே தொங்கியது. தூக்கணாங்குருவியின் முடிச்சு தொங்கியது.

சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதில் மோப்பனுக்குப் பெருமை. சொன்னது மெய்யா என்று பார்ப்பது அவன் வேலையில்லை. அது நீர்நாயின் வேலை. நீர்நாய் அவசரப்படாது. ஒரு பருவம் முழுக்க இழுத்தும் நனைத்தும் கல்லைக் கட்டியும் பார்க்கும். பிறகு, கேட்டதில் பாதியை வெட்டிவிட்டு, மிச்சத்தைக் கொடுக்கத் தலையாட்டும். அதை மோப்பன் இன்னொரு பட்டையில் எழுதுவான். உபாயம் ஒன்றுதானே என்று இதற்கும் அதே எண்தான். இரண்டு பட்டைகளும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும்.

"எது எதுன்னு எப்படித் தெரியும் அண்ணே?" என்று நீர்நாய் ஒருமுறை கேட்டது.

"உன் மேல அடிக்கிற மீன் நாத்தம் போதாதா? நீ தொட்ட பட்டையைத் தூக்கத்துல கூடக் கண்டுபிடிப்பேன்."

நீர்நாய் சிரித்தது. பேச்சு அதோடு முடிந்தது.

நாற்பத்தேழாம் எண் மலையணிலுடையது. ஆறு குறுகும் இடத்தில், இரு கரை மரங்களுக்கும் நடுவே மூன்று கொடிகளை முறுக்கி அது ஒரு பாலம் கட்டியிருந்தது. எந்த மழையிலும் எவரையும் தாங்கும் என்று மார்தட்டி எழுத வைத்தது. நீர்நாய் சோதித்த பிறகு எழுதிய பட்டையிலோ, கொடி காய்ந்திருக்கும்போது அணிலின் கனம் வரை தாங்கும் என்றுதான் இருந்தது. அணில் முகத்தைத் தூக்கிக்கொண்டது. ஆனாலும் ஒத்துக்கொண்டது.

அந்த மழை நான்காம் நாளும் விடவில்லை. குகைக் கூரை ஒழுகியது. மோப்பன் பட்டைகளை எல்லாம் இறக்கி ஒரு மூலையில் குவித்திருந்தான். அவர்களுடைய ஒரே குட்டி அக்கரையில், சருகியின் தங்கை வளையில் இருந்தாள். தாழ்ந்த வளை அது. ஆறு இன்னும் ஒரு முழம் ஏறினால் உள்ளே தண்ணீர் புகுந்துவிடும். விடிந்ததிலிருந்து சருகி வாசலுக்கும் மூலைக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"என்னங்க, அந்த அணில் பாலம் என்னைத் தாங்குமா?"

மோப்பன் அவளைப்போல் இரு மடங்கு கனம். போவதென்றால் அவள்தான் போக வேண்டும். அவன் குவியலைக் கிளறினான். நாற்பத்தேழு என்று கீறிய பட்டைகள் இரண்டும் கிடைத்தன. முகர்ந்தான். ஒன்றில் ஈர மண் வாசனை. மற்றதில் லேசாக மீன் வாசனை அடிப்பதுபோல் இருந்தது. ஆறே காட்டுக்குள் ஏறி வந்து நிற்கும் மழையில் எதில்தான் மீன் வாசனை அடிக்காது என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. நீர்நாய் தொட்டது அதுதான் என்று அந்தப் பட்டையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தான். எந்த மழையிலும் எவரையும் என்று இருந்தது. அப்படியா இருந்தது என்று நெஞ்சில் சின்னதாக ஒன்று உறுத்தியது. மற்றதையும் படிக்கலாம் என்று கையை நீட்டினான்.

"சீக்கிரம் சொல்லுங்க. தண்ணி ஏறுது."

"தாங்கும்" என்றான்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"நான் எழுதினது, சருகி. ஒரு எழுத்து தப்பாது."

கால் வைக்கும் முடிச்சுகள் எவை என்று பார்க்க வேண்டுமென்று அவள் பட்டையை வாங்கிக்கொண்டாள். மற்றவற்றை நனையாமல் மூடி வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் மூடி வைக்கத்தான் குனிந்தான். மற்ற நாற்பத்தேழு கையில் தட்டியது. படித்தான். இன்னொரு முறை படித்தான். பிறகு ஓடினான். அழுங்கு ஓடப் பிறந்ததில்லை. வழுக்கி விழுந்து, எழுந்து, அவள் பெயரைக் கத்திக்கொண்டே போனான். மழைச் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

கரையில் நீர்நாய் நின்றது. அதன் காலடியில் குட்டி இருந்தாள். பாலத்தின் ஒரு முனை மரத்திலும் மறுமுனை தண்ணீரிலும் கிடந்தது. போகும்போது தாங்கியது என்று நீர்நாய் சொன்னது. குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு வரும்போது, இக்கரைக்கு எட்டடி இருக்கையில் கொடி பிரிந்தது. சருகி விழுவதற்கு முன் வாலை மேலே கிளைப் பக்கம் வீசினாள். குட்டி கிளையைப் பிடித்துக்கொண்டாள். நீர்நாய் பாய்ந்து பார்த்தும் தாய் அகப்படவில்லை. அன்றும் அடுத்த இரண்டு நாளும் தேடியும் அகப்படவில்லை.

உச்சிப் பொந்தில் தூங்கிக்கொண்டிருந்த மலையணில் சத்தம் கேட்டு இறங்கி வந்தது. பிரிந்த கொடியைத் தொட்டுப் பார்த்தது.

"நான் கேட்டதையும் எழுதினீங்க, எனக்குக் கிடைச்சதையும் எழுதினீங்க" என்றது. "ரெண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டுட்டீங்களே, அண்ணே."

மோப்பன் குட்டியை வயிற்றோடு அணைத்து, உடம்பைச் சுருட்டி, வாலை முகத்தின்மேல் போட்டுக்கொண்டான். அதற்கு முன் எந்த அழுங்கும் அப்படிச் சுருண்டதில்லை.

சருகி போன நான்காம் நாள் எழுந்து குகைக்குப் போனான். ஒவ்வொரு பட்டையாக எடுத்து, முகராமல், முழுக்கப் படித்தான். கேட்டதோடு நிற்கும் பட்டைகளில் எண்ணின் வாலில் எழுத்துவரிசையின் முதல் எழுத்தைக் கீறினான். சோதித்துக் கொடுத்தவற்றில் இரண்டாம் எழுத்தைக் கீறினான். எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இலக்கம். அதே எண்ணில் முன்பு எதுவும் தொங்கியதில்லை என்றால் ஒன்று. கேட்ட பட்டை ஏற்கெனவே தொங்கியிருந்து, அதன்பின் கொடுத்த பட்டை வந்தால் இரண்டு. நாற்பத்தேழின் வாலில் இரண்டாம் எழுத்தையும் இரண்டையும் கீறினான்.

நீர்நாய் பார்த்துக்கொண்டிருந்தது. "இதுக்கு முன்னால உள்ள பட்டைதான் இப்ப இல்லையே. அப்புறம் எதுக்கு அண்ணே ரெண்டு?"

"இருந்துச்சு" என்றான் மோப்பன்.

அன்று முதல்தான் அழுங்கு பயந்தால் சுருண்டுகொள்கிறது. புதுக் கண்டுபிடிப்புகளுக்குத் தரும் காப்புரிமைப் பத்திரங்களில் எண் முடிந்த இடத்தில் ஏ1 என்றும் பி2 என்றும் ஒரு வால் ஒட்டிக்கொண்டதும் அன்று முதல்தான். நாட்டுக்கு நாடு அது கொஞ்சம் மாறும். பெரும்பாலும் ஏ என்றால் ஒருவர் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். பி என்றால் சோதித்துக் கொடுத்தது.

நாற்பத்தேழாம் எண்ணில் மிஞ்சியது ஒரே பட்டை. அதன் வாலில் பி2 என்று இருக்கிறது.