தங்கப்பழம் தட்டின கண்ணாடி

காலை எம்மேல போடாத இசக்கி, கனக்குது. ஆங், அப்படித் திரும்பிப் படு. பெரியம்மா கதை சொல்லணும்னா நீ 'ம்' கொட்டணும். 'ம்' நின்னா கதையும் நின்னுரும், இப்பவே சொல்லிட்டேன்.

ஒரு ஊர்ல ஒரு கடல் இருந்துச்சாம். அந்தக் கடல்ல இருந்து ரெண்டு தெரு தள்ளி தங்கப்பழம்னு ஒருத்தர் இருந்தாராம். இரும்புக்கடைக்காரரு. ரெண்டு தெரு நடந்தா கடலு, அங்க இல்லாத மீனா? ஆனா அவருக்கு வீட்டுக்குள்ளயே ஒரு கடல் வேணும்னு ஆசை வந்துட்டு. ஆசைன்னா சும்மா ஆசை இல்ல, பேயாசை.

ம் சொல்லு.

அப்புறம் என்ன பண்ணாரு, கூடத்துல இந்தக் கட்டில் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வச்சாரு. நீலக் கேன்ல கடல்தண்ணி மொண்டு மொண்டு கொண்டாந்து ஊத்துனாரு. தெருவே சிரிச்சுது. "அண்ணாச்சி, கடலு வத்திரப் போகுது, கொஞ்சம் விட்டு வைங்க"ன்னு கேலி பண்ணுனாங்க. அவரு காதுலயே வாங்கல. மோட்டார் போட்டாரு, குர்ர்ர்ருன்னு சத்தம். பொளக் பொளக்னு முட்டை முட்டையா காத்து வந்துச்சு. உள்ள கல்லு அடுக்குனாரு. அப்புறம் மீன் கடைக்குப் போயி பெருவிரல் நீளத்துல, பச்சையும் நீலமுமா மினுங்குற மீனு ஒரு டஜன் வாங்குனாரு.

கடைக்காரன் என்ன சொன்னான்னா, "அண்ணாச்சி, இது கூட்டமாப் போற மீனு. கடலுக்குள்ள ஒண்ணு திரும்புனா எல்லாம் திரும்பும். பாத்துக்கிட்டே இருக்கலாம்"னான். தங்கப்பழத்துக்கு ஒரே சந்தோசம்.

கொண்டாந்து விட்டாரு. மொத ரெண்டு நாளு கூட்டமாத்தான் திரிஞ்சுது. அப்புறம் ஒண்ணொண்ணும் அது அது சோலியப் பாக்கப் போயிருச்சு. ஒண்ணு கல்லைக் கொத்துது, ஒண்ணு மோட்டார் தண்ணியில ஊஞ்சலாடுது, ஒண்ணு மூலையில சும்மா நிக்குது. தங்கப்பழத்துக்குக் கோவமான கோவம். "ஏமாத்திட்டான் பாவிப்பய!"ன்னு கையை ஓங்கி கண்ணாடியில தட்டுனாரு. கையில தங்க மோதிரம் இருந்துச்சா, அது பட்டு டொக்! டொக்!

அவ்வளவுதான். சர்ர்ர்ருன்னு எல்லா மீனும் ஓடியாந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. எல்லா மூஞ்சியும் ஒரே பக்கம். பாக்க அவ்வளவு அழகு!

என்ன அழகுங்கிறியா? நீ மொதல்ல 'ம்' சொல்லு.

அன்னையில இருந்து வீட்டுக்கு யாரு வந்தாலும் இதான் வேடிக்கை. டொக் டொக்னு தட்டுவாரு. மீனு சர்ர்னு கூடும். வந்தவங்க ஆஹாம்பாங்க. இவரு மீசையைத் தடவிக்கிட்டு, "பாத்தீயளா ஒத்துமையை? நம்ம வீட்டுப் பிள்ளையளும் இப்படித்தான்"பாரு.

அவருக்கு மூணு பிள்ளைங்க. மூத்தவ வேணி, நடுவுல கதிரு, கடைக்குட்டி பட்டு. உன் வயசுதான் பட்டுக்கு, ஆனா உன்னை மாதிரி உதைச்சுக்கிட்டுத் தூங்க மாட்டா. அவரு சம்சாரம் பேரு ஜெயக்கொடி. தங்கப்பழம் கடையில இருந்து வந்து வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு, தோளுத் துண்டை ஒரு உதறு உதறி, 'க்கும்'னு கனைப்பாரு பாரு, வீட்டுக்குள்ள டிவி நின்னுரும். மூணு பிள்ளைங்களும் திடுதிடுன்னு ஓடியாந்து பாயில ஒட்டி ஒட்டி உக்காந்து புஸ்தகத்தை விரிச்சிரும். ஜெயக்கொடி சேலையைச் சரி பண்ணிக்கிட்டு அதுங்க பின்னாடி வந்து நின்னுக்குவா. அதைப் பாத்து அவருக்குப் பூரிப்பு. நம்ம வீடு மாதிரி ஒத்துமையான வீடு இந்த ஊர்லயே இல்லன்னு நெனைப்பு. கிறுக்கு மனுசன்!

அப்போ ஒரு ஞாயித்துக்கிழமை, மாடித் தொட்டியில தண்ணி இருக்கான்னு பாக்க ஏணிப்படி ஏறுனாரு. மொட்டை மாடியில பிள்ளைங்க எல்லாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களும் சேந்து ஒரே கூச்சல். மீன் விளையாட்டாம். எல்லாரும் கையைத் துடுப்பு மாதிரி ஆட்டிக்கிட்டுத் திரியணும். பட்டு வந்து சுவத்துல டொக் டொக்னு தட்டுனா ஓடிப் போயி மூலையில ஒட்டிக்கணும். தங்கப்பழம் படியில நின்னு பாத்து, வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாரு.

அப்போ கதிரு சொன்னான், "ஏட்டி பட்டு, தட்டுனது போதும், இப்போ அப்பா ஆட்டம்!"

பட்டு என்ன பண்ணா தெரியுமா? கொடியில கெடந்த துண்டை எடுத்துத் தோள்ல போட்டா. நெஞ்சை நிமித்துனா. ஒரு உதறு உதறிட்டு, 'க்கும்'னா!

"அப்பா வாறாவ! அப்பா வாறாவ!"ன்னு திடுதிடுன்னு எல்லாம் ஓடிச்சு. அதே மூலை. அதே மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, எல்லா மூஞ்சியும் ஒரே பக்கம்.

தங்கப்பழத்துக்குச் சிரிப்பு அப்படியே நின்னுபோச்சு. கை தானா தோளுக்குப் போச்சு. அங்க அவரு துண்டு கெடந்துச்சு. மெதுவா உருவிக் கையில சுருட்டிக்கிட்டு, சத்தம் இல்லாம கீழ எறங்குனாரு. வெக்கமான வெக்கம் இசக்கி. தெருவுல உடுத்தின வேட்டி அவுந்து விழுந்தாக்கூட அப்படி வெக்கம் வந்திருக்காது. கூடத்துக்கு வந்தா மீனு எல்லாம் அது அது பாட்டுக்குத் திரியுது. இவரு நெழலு கண்ணாடியில விழுந்துச்சு. தட்டவே இல்ல. சர்ர்ர்! ஓடி ஒட்டிக்கிச்சு.

இத்தனை நாளா ஒத்துமைன்னு எதைக் காட்டிப் பெருமையடிச்சோம்? பயத்தை. நாம குடுத்த பயத்தை. ஊரைக் கூப்பிட்டு வேற காட்டிருக்கோம். அதை நெனைச்சு நெனைச்சு மனுசன் கூசிப் போனாரு.

தூங்கிட்டியா? ம்? சரி.

அப்போ அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்துச்சு. நான் உள்ள வரும்போது ஒரு பிள்ளையாவது இருந்த எடத்துலயே இருக்கணும். ஒண்ணே ஒண்ணு போதும்.

மொத நாளு, கனைக்காம, துண்டை உதறாம, பூனை மாதிரி வீட்டுக்குள்ள வந்தாரு. தலையைக் கண்டதும் பிள்ளைங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. முந்தியாவது சத்தம் குடுத்துட்டு வருவாரு, இப்போ அதுவும் இல்லையேன்னு இன்னும் நெருக்கி ஒட்டிக்கிச்சுங்க.

ரெண்டாவது நாளு, பிள்ளைங்களுக்கு மக்ரூன் மிட்டாய் வாங்கியாந்தாரு. மீனுக்கு எறாலைப் பொடிசா நறுக்கிப் போட்டாரு. பிள்ளைங்க வரிசையா வந்து ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டு, "தேங்க்ஸ்ப்பா"ன்னு சொல்லி மறுபடியும் அதே எடத்துல போயி ஒட்டி உக்காந்துக்கிச்சுங்க. மீனும் அவரு அந்தப் பக்கம் போனப்புறம்தான் தின்னுச்சு.

மூணாவது நாளு யாரு வந்தா? கோவில்பட்டியில இருந்து அவரு அக்கா மாப்பிள்ளை, அத்தானு. வாயி பெருசு. வரும்போதே, "மாப்ள, எங்க உம்ம மீனு? சொன்ன பேச்சுக் கேக்குமாமே, தட்டும் பாப்போம்"னாரு.

தங்கப்பழம் நெளிஞ்சாரு. "வேண்டாம் அத்தான்"னாரு.

"வெக்கப்படாதீரும், நான் தட்டுதேன்!"ன்னு அத்தான் கையை ஓங்குனாரு. தங்கப்பழம் சடக்குன்னு தன் கையைக் கொண்டுபோயி கண்ணாடிக்கு முன்னால வச்சாரு. மொட்டுன்னு விழுந்துச்சு அடி, அவரு விரல் மொழியில! உஸ்ஸுன்னாரு, கையை எடுக்கல.

நெழலுக்கே ஓடுன மீனு, கண்ணாடியில தட்டு விழலைன்னதும் இந்தத் தடவை ஓடல. ஒண்ணு கல்லைக் கொத்துச்சு, ஒண்ணு ஊஞ்சலாடுச்சு.

"என்னவே, ஒண்ணும் கூடலியே?"ன்னாரு அத்தான்.

"அது ஒத்துமையில கூடல அத்தான். பயத்துல கூடுச்சு. நான்தான் பயமுறுத்துனேன்"னு சொன்னாரு. தலை நிமிரவே இல்ல. "வீட்டுலயும் அப்படித்தான் பண்ணிட்டேன். எனக்கு அசிங்கமா இருக்கு."

அத்தான் காப்பியை மடக் மடக்குன்னு குடிச்சாரு. அடுப்படி வாசல்ல ஜெயக்கொடியும் பிள்ளைங்களும் ஒட்டிக்கிட்டு நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்துச்சுங்க.

அப்புறம் மறுநாளு, மீன் தொட்டிக்குக் கடல்தண்ணி எடுக்கப் போயி மழையில நல்லா நனைஞ்சுட்டாரு. தொண்டை கட்டிக்கிச்சு. வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டும்போது அடக்கி அடக்கிப் பாக்காரு, முடியல. வந்துருச்சு. 'க்கும்'!

போச்சு. உள்ள திடுதிடுன்னு சத்தம் கேக்குது. மனுசன் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு வாசல்லயே நின்னுட்டாரு. உள்ள போகவே கூசுச்சு.

கொஞ்ச நேரங்கழிச்சு எட்டிப் பாத்தா, வேணியும் கதிரும் பாயில ஒட்டி உக்காந்திருக்குதுங்க. பட்டு? பட்டு தரையில குப்புறப் படுத்துக்கிட்டு, காலை ஆட்டிக்கிட்டுப் படம் வரைஞ்சுக்கிட்டிருந்தா. இருந்த எடத்துல இருந்து அசையல. தலையைக்கூடத் தூக்காம, "அப்பா, சுக்குத்தண்ணி குடிங்க, இருமுறீங்க"ன்னா.

அவரு மெதுவா உள்ள வந்து, "நானும் அங்க வந்து உக்காரட்டுமா தாயி?"ன்னு கேட்டாரு.

பட்டு சுத்திமுத்திப் பாத்தா. "இங்க வேண்டாம்ப்பா, கலர் பென்சிலு கெடக்கு. அந்தால தள்ளி உக்காருங்க"ன்னா.

அந்த வீட்டுல அவரை யாரும் அப்படிச் சொன்னதே இல்ல இசக்கி. அவரு சொன்ன எடத்துல போயி உக்காந்தாரு. துண்டை எடுத்து மூஞ்சியைப் பொத்திக்கிட்டாரு.

என்ன கேக்குற? வேணியும் கதிருமா? அதுங்களுக்கு ரொம்ப நாளு ஆச்சு. கதிரு தீவாளிக்கு அப்புறம்தான் எடம் மாறி உக்காந்தான். வேணி இன்னும் மாறல. அவரும் கேக்கல, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டாரு.

மீனா? மீனு பாட்டுக்குத் திரியுது, ஒண்ணு அங்க, ஒண்ணு இங்க. பொளக் பொளக்... பொளக்...

'ம்' நின்னுருச்சு. கதையும் நின்னுருச்சு, கடலும் படுத்துருச்சு. தூங்கு. காலை வேணா மேல போட்டுக்கோ.