நாச்சாயி வாசல்ல புல்லு வந்த கதை

வெள்ளப்பாறைன்னு ஒரு ஊர்ல ஒரு வாசல் இருந்துச்சு கண்ணு. அந்த வாசல் பூராவும் சரளைக்கல்லு. நீ ‘ம்’ கொட்டோணும், இல்லைன்னா அப்புச்சி கதைய அங்கயே நிறுத்திப்போடுவேன்.

ம்.

அந்த வீட்டுக்காரி பேரு நாச்சாயி. அவ புருஷன் செங்கோடன், டிராக்டர் ஓட்டறவரு. அவங்களுக்கு ஒரே பொண்ணு, மேகலா. ஒரு வயசுல எந்திரிச்சு நின்னுட்டா. வாசல்ல தத்தக்கா பித்தக்கான்னு ரெண்டு எட்டு வெப்பா, தொபுக்குன்னு விழுவா. கல்லு முட்டியக் கிழிச்சுப்போடும். மூணு நாளு விழுந்தா. நாலாம் நாளு கால கீழ வெக்கவே மாட்டேனுட்டா. வீட்டுக்குள்ளயும் நடக்கல. எங்க போகோணும்னாலும் ரெண்டு கையையும் நீட்டி “தூக்கு”ங்கறா. இப்படியே ஆறு மாசம் ஓடிப்போச்சு.

அப்புறம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. டாக்டரம்மா காலத் தட்டிப் பாத்துட்டு, “கால் நல்லாத்தான் இருக்கு, புள்ள பயந்துட்டா. மெத்துன்னு இருக்கற எடத்துல விட்டுப் பாருங்க”ன்னு சொல்லிட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் நாச்சாயி, “ஏனுங்க, வாசல்ல புல்லு வளக்கலாமுங்க” அப்படின்னா.

“இந்தச் சரளையிலயா?”ன்னாரு செங்கோடன்.

“இதுலதானுங்க.”

அப்போ அவ என்ன பண்ணுனா, வாய்க்கா மேட்டுல இருந்து அருகம்புல்லக் கட்டுக் கட்டாக் கொண்டாந்து, கல்லுச் சந்துலயெல்லாம் சொருகித் தண்ணி ஊத்துனா. வெயில் வந்துச்சு. கல்லு தோசக்கல்லாட்டம் காஞ்சுச்சு. நாலே நாள்ல புல்லு மொறுமொறுன்னு முறுக்காப் போச்சு.

ம்.

அப்புறம் செங்கோடனுக்கு மனசு கேக்கல. ஒரு டிராக்டர் செம்மண்ணு கொண்டாந்து, கல்லு மேலயே கொட்டிப் பரப்புனாரு. புல்ல நட்டாங்க, துளிரும் விட்டுச்சு. அப்போ பாத்து மழ. சோன்னு ராத்திரி பூரா ஊத்துச்சு. விடிஞ்சு பாத்தா செம்மண்ணெல்லாம் ரோட்டுல கெடக்குது, வாசல்ல கல்லு பல்லக் காட்டிட்டு நிக்குது. நாச்சாயி படியில உக்காந்து அழுதுட்டா.

மேகலா அம்மா பக்கத்துல உக்காந்திருந்தா. படிக்குக் கீழ இருந்து ஒரு கல்ல எடுத்தா. அங்க மண்ணு சுமக்கற இரும்புச் சாந்துச்சட்டி ஒண்ணு கெடந்துச்சு. அதுக்குள்ள போட்டா. டங். அந்தச் சத்தம் அவளுக்குப் புடிச்சுப்போச்சு. இன்னொண்ணு. டங். கெக்கெக்கேன்னு சிரிச்சா.

நாச்சாயி கண்ணத் தொடச்சுக்கிட்டா. “ஏனுங்க, கல்லுக்கு மேல எதப் போட்டாலும் நிக்காதுங்க. கல்ல எடுத்தாத்தான் ஆகும்.”

அப்புறம் ஆரம்பிச்சாங்க பாரு. மழ ஈரத்துல கடப்பாரை நல்லா எறங்குச்சு. ணங், ணங். ஒரு மொழ ஆழத்துக்குத் தோண்டுனாங்க. கம்பிவலைச் சல்லடையச் சாய்ச்சு நிறுத்தி, மம்புட்டியில அள்ளி வீசுனாங்க. மண்ணு சரசரன்னு அந்தப் பக்கம் போயிரும், கல்லு கடகடன்னு இந்தப் பக்கம் உருண்டு வரும். இருவது நாளு. சலிச்ச மண்ணோட கொளத்து வண்டலும் மக்குன சாணி எருவும் கலந்து, தோண்டுன எடத்துலயே போட்டாங்க. தண்ணி தெளிச்சு, அமுங்க வெச்சு, மழத்தண்ணி ரோட்டுப் பக்கம் ஓடற மாதிரி லேசாச் சரிச்சு, பலகையில இழுத்து மட்டம் பண்ணுனாங்க.

தூங்கிட்டியா?

...ம்ம்.

மறுநாள் புல்லு நடோணும். மேகலாவ ஒரு மூலையில உக்கார வெச்சாங்க. சாந்துச்சட்டி அந்தக் கடைசியில இருக்குது. அவ மண்ணக் கிண்டிக் கிண்டி, தப்பிச்ச ஒரு கல்லக் கண்டுபுடிச்சுட்டா. சட்டியப் பாத்தா, தூரமா இருக்குது. கைய நீட்டி “தூக்கு” அப்படின்னா. நாச்சாயி புல்லுக்கட்ட அப்படியே போட்டுட்டு ஓடப் பாத்தா. செங்கோடன் அவ கையப் புடிச்சு, “செத்த இரு”ன்னாரு.

மேகலா பாத்தா, யாரும் வரல. எந்திரிச்சா. ஒரு கால வெச்சா. பொத்துன்னு உள்ள எறங்குச்சு, வலிக்கல. குனிஞ்சு காலப் பாத்தா. இன்னொரு கால வெச்சா. பொத், பொத், பொத். பத்து எட்டு நடந்து போயி கல்லப் போட்டா. டங்.

மேகலா திரும்பி, அடுத்த கல்லத் தேடி நடந்தா. கல்லு ஏது? எல்லாத்தையும்தான் பொறுக்கியாச்சே. அப்போ செங்கோடன் பாத்தாரு. இருவது நாளா இடுப்பு ஒடியக் கல்லப் பொறுக்குன மனுஷன், ஓடிப்போயி ஒரு கை சரளைய அள்ளியாந்து, அவளுக்குத் தெரியாம வாசல்ல அங்கொண்ணும் இங்கொண்ணுமாப் போட்டாரு. பொழுது எறங்கற வரைக்கும் டங், டங், டங்.

மட்டம் பண்ணுன வாசல் குண்டும் குழியுமாப் போச்சு. மறுநாள் திரும்ப மட்டம் பண்ணித்தான் புல்லு நட்டாங்க.

நாப்பது நாள்ல பச்சப்பசேல்னு வந்துருச்சு. செங்கோடன் கேட்டாரு, “புல்லு வர்றதுக்கு முன்னாடியே புள்ள நடந்துட்டா. இனி இந்தப் புல்லு யாருக்கு அம்மிணி?”

நாச்சாயி மம்புட்டியச் செவுத்துல சாத்திட்டு வந்து, புல்லு மேல மல்லாக்கப் படுத்து, கைகால நீட்டிக்கிட்டு, “எனக்குங்க” அப்படின்னா.

அவ அங்க படுத்துட்டா, கதையும் படுத்துருச்சு. நீயும் கண்ண மூடிக்க, சாமி.