மூன்றாம் அடியில் ஒரு நிறுத்தம்

சிப்பித்துறைக் கோயிலின் பாடகர் குழு ரொசாலி டீச்சரின் கையில் இருந்தது. அவருடைய சீடர்களில் ஒருவரான சந்தியாகு டீச்சரைவிடப் பத்து வயது பெரியவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு பாட்டுக் கற்க வந்தவர். குரல் சுமார்தான். ஆனால் மைக் கையில் கிடைத்துவிட்டால் மனுஷனைப் பிடிக்க முடியாது.

திருவிழா மேடையில் பாட்டு பிறந்த கதையைச் சொல்வதும், பாட்டை எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலை. டீச்சர் எழுதி மெட்டமைத்த மாதா பாட்டு ஒன்று ஊருக்கே பெருமை. அதன் மூன்றாம் அடியில் சட்டென்று பாட்டு நிற்கும். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு தொடரும். எழுதும்போது டீச்சர் அந்த இடத்தில் அழுகை தாங்காமல் நின்றுவிட்டார் என்று சந்தியாகு வருஷா வருஷம் மேடையில் சொல்வார். அப்படி யாரும் அவரிடம் சொன்னதில்லை. அவராகக் கட்டிவிட்டது.

இந்த வருஷம் பக்கத்து ஊர் மேலத்துறைக்காரர்களும் பாட வருகிறார்கள். அவர்கள் பாட்டுக்குப் பின்னால் கப்பல் உடைந்த கதை இருக்கிறதாம். சந்தியாகுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருவிழாவுக்கு முந்தின நாள் விடிந்ததும் விடியாததுமாக டீச்சர் வீட்டு வாசலில் நின்றார்.

"டீச்சர், நாளைக்கு நம்ம ஊர் மானம் என் கையில. உள்ளதைச் சொல்லுங்க. அந்த இடத்துல யாரை நினைச்சு அழுதீங்க?"

"நான் எங்கண்ணே அழுதேன்? அடுப்புல உலை பொங்கி வழிஞ்சிடுச்சு. பேனாவைப் போட்டுட்டு ஓடினேன். இறக்கி வச்சிட்டு வந்து பாடிப் பார்த்தா அந்த இடைவெளியும் நல்லாத்தான் இருந்துச்சு. விட்டுட்டேன்."

"சோறா?"

"புழுங்கலரிசி."

சந்தியாகுவின் முகம் செத்துப்போனது. "விளையாடாதீங்க! அவன் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்துவான். நான் சோத்துப் பானையைத் தூக்கிட்டுப் போய் நிக்கவா?"

டீச்சர் சிரித்துவிட்டார். "கடற்கரை வரைக்கும் வாங்கண்ணே."

வள்ளங்கள் கடலில் இறங்கும்போது கரையில் நிற்கும் பெண்கள் அந்தப் பாட்டைப் பாடுவார்கள். வாழ்நாளெல்லாம் விடியுமுன் பஸ் எடுக்க ஓடிய சந்தியாகு அதைப் பார்த்ததில்லை. கோயிலிலோ கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவர்.

"நீங்க பாடாதீங்க. பாருங்க" என்றார் டீச்சர்.

மூன்றாம் அடி வந்தது. பாட்டு நின்றது. உதடுகள் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண் மூச்சுக்குள் "கஸ்பார்" என்றாள். அது அவள் புருஷன். இன்னொருத்தி "தொம்மை" என்றாள். கரை நெடுக, கடலுக்குப் போகும் ஆண்களின் பெயர்கள். பிறகு பாட்டு தொடர்ந்தது.

வள்ளங்கள் மறைந்ததும், பாடிக்கொண்டிருந்த பெண்களில் இன்னாசியம்மா டீச்சரிடம் மல்லுக்கு வந்தாள்.

"எனக்கு மூணு மகன், டீச்சர். மூணும் சிங்கக்குட்டி. மூணு பேரும் கடலுக்குப் போறானுங்க. மூத்தவனையும் நடுவுலவனையும் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பாட்டு ஆரம்பிச்சிடுது. கடைக்குட்டி லூக்காஸ் பேரு தினமும் விட்டுப்போகுது. இன்னும் கொஞ்சம் நீட்டுனா குறைஞ்சா போயிடுவீங்க?"

"வேகமாச் சொல்லிப் பழகும்மா."

அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

"இதை யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார் சந்தியாகு.

"யாருமில்ல. இடம் சும்மா கிடந்துச்சு, பேரை வச்சாங்க. எம்புட்டோ மெட்டுப் போட்டிருக்கேன் அண்ணே. நான் போடாத அந்த இடந்தான் எனக்குப் பெருமை."

மறுநாள் சாயங்காலம் மேலத்துறைக் கப்பல் மேடையில் உடைந்தது. கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அடுத்து சந்தியாகு. உலை பொங்கின கதையைச் சொன்னார். அழுகைக் கதை தன் கற்பனை என்பதையும் சொன்னார். மேலத்துறைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

பாட்டை எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் அடியில் மைக்கை உள்ளங்கையால் பொத்தினார். இந்த முறை கண்ணை மூடவில்லை. கூட்டத்தில் இன்னாசியம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மூடிய பிறகுதான் அடுத்த சொல்லை எடுத்தார். மேலத்துறைப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

இறங்கி வந்து டீச்சர் முன்னால் தலைகுனிந்து நின்றார்.

"தாளத்தை விட்டுட்டேன், டீச்சர். ரொம்ப நீட்டிட்டேன்."

"தாளம் கிடக்கட்டும், அண்ணே. லூக்காஸும் பாட்டுல ஏறிட்டான்ல!"