குனியும் துப்பாக்கி

மெஹருன்னிசாவிடம் சுடக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஆரம்பத்தில் துப்பாக்கியைக் குறை சொல்வார்கள். பிறகு தோட்டாவைக் குறை சொல்வார்கள். அவர் மறுப்பதே இல்லை. சொல்லி ஓயட்டும் என்று விட்டுவிடுவார்.

பல் டாக்டர் வேதமாணிக்கம் ஒரு வருஷமாகியும் ஓயவில்லை.

சிறுமலை அடிவாரத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே அந்த ரைஃபிள் கிளப் இருந்தது. ஞாயிறு காலையில் டாக்டர்கள், வக்கீல்கள், நூல் மில் முதலாளிகள் வருவார்கள். மலைச்சரிவுக்கு முன்னால் அட்டைகளைக் கட்டிவைத்துச் சுடுவார்கள். மெஹருன்னிசா ஒரு காலத்தில் தேசியப் போட்டிகளில் பதக்கம் வாங்கியவர். வயது முப்பத்து நான்கு. தன்னைவிட இருபது வயது மூத்தவர்களை அதட்டுவதில் அவருக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. அவர்களும் ஆசையாக வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள்.

டாக்டரிடம் இருந்தது சின்னப் பிஸ்டல். பாயிண்ட் டூ டூ ரகம். லைசென்ஸுக்கு நடையாய் நடந்து வாங்கியது. சுட்டால் ஓலைவெடி அளவுக்குத்தான் சத்தம் வரும், கையை உதைக்காது. வேட்டைக்கும் உதவாது, வீரத்துக்கும் உதவாது. அட்டையில் ஓட்டை போட்டுச் சந்தோஷப்படுவதற்கென்றே செய்த பொருள். அதை அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதுபோல் எந்நேரமும் துடைத்துக்கொண்டிருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறக்கும்போதே அவர் முகம் சரியில்லை.

"மேடம், இதை வித்துரலாம்னு இருக்கேன்."

"ஏன்?"

"எல்லாக் குண்டும் கீழ, இடது பக்கமாப் போய் விழுது. பிடியை மாத்தினேன். குறிமுள்ளைத் திருகித் திருகிச் சரிபண்ணினேன். வேற கம்பெனித் தோட்டா வாங்கிப் போட்டேன். அதுல நாலுக்கு ஒண்ணு சிக்கிக்குது. ஒரே ஒரு கம்பெனித் தோட்டாவைத்தான் இது சாப்பிடும், மத்ததையெல்லாம் துப்பும். விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நடந்துக்குது."

"கொடுங்க."

வாங்கினார். டாக்டருடைய தோட்டாக்களையே போட்டார். நின்றார். ஐந்து முறை சுட்டார். அட்டையை எடுத்துவந்து பார்த்தபோது நடுவில் ஒரே ஓட்டைதான் இருந்தது. கொஞ்சம் கோணலான ஓட்டை. ஐந்து குண்டும் அதன் வழியாகவே போயிருந்தன.

"மாப்பிள்ளை மேல தப்பில்லை," என்றார் மெஹருன்னிசா.

டாக்டர் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப கைதான்," என்றார்.

"என்ன கை?"

"எங்க அப்பாவுக்கும் இந்த வயசுலதான் நடுக்கம் வந்துச்சு. இதே வலது கை. முதல்ல கையெழுத்து கோணிச்சு. அப்புறம் காப்பி டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சார். கடைசியில அம்மாதான் ஊட்டிவிட்டாங்க. நான் டிரில் மெஷினைப் பிடிச்சுக்கிட்டு அடுத்தவங்க வாய்க்குள்ள கையை விடுறவன் மேடம். கொஞ்சம் பிசகினா நாக்கு கிழிஞ்சிரும்."

"கிளினிக்ல நடுங்கியிருக்கா?"

"இன்னும் இல்லை. ஆனா இங்க நடுங்குதே. அட்டை பொய் சொல்லுமா?"

"நரம்பு டாக்டரைப் பாத்தீங்களா?"

"பாக்கலை. பாத்தா அவர் சொல்லிருவாரே."

மெஹருன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"மதுரையில ஒருத்தர் கிளினிக்கை விலைக்குக் கேக்குறார்," என்றார் டாக்டர். "நாளைக்குச் சரின்னு சொல்லப்போறேன். கஷ்டமான கேஸையெல்லாம் இப்பவே பக்கத்துத் தெரு டாக்டருக்கு அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் கல்லோடும் மண்ணோடும் நின்று கட்டிய கிளினிக் அது. திண்டுக்கல்லில் பாதிப் பேர் அவர் வைத்துக்கொடுத்த பல்லால்தான் பிரியாணி சாப்பிடுகிறார்கள். அதை விற்றுவிட்டால் காலையில் எழுந்து எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. விட்டால் அழுதிருப்பார். மெஹருன்னிசா விடவில்லை.

"வீட்ல, தோட்டா இல்லாம, டிரிக்கரை அழுத்திப் பழகியிருக்கீங்களா?"

"ஐயோ, கூடவே கூடாது. வித்தவர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். இந்த வகையில, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கிற ஊசி அதோட விளிம்புலதான் தட்டுமாம். உள்ள ஒண்ணும் இல்லைன்னா இரும்புல இரும்பு தட்டி ஊசி மழுங்கிருமாம்."

"அப்ப இதுவரைக்கும் ஒரு தடவைகூட வெடிச்சத்தம் இல்லாம அழுத்தினதில்லை."

"இல்லை."

"எந்திரிங்க."

மெஹருன்னிசா இடுப்புப் பையிலிருந்து ஒரு கை நிறைய எதையோ அள்ளி மேஜைமேல் வைத்தார். சுவரில் துளை போட்டு, ஸ்க்ரூ இறுக்குவதற்காக உள்ளே அடித்துவைப்பார்களே, அந்த மஞ்சள் பிளாஸ்டிக் பிளக். ஹார்டுவேர் கடைச் சரக்கு.

"இது தோட்டா உக்கார்ற இடத்துல கச்சிதமா உக்காரும். ஊசி இதைத் தட்டினா ஊசிக்கும் ஒண்ணும் ஆகாது, நமக்கும் ஒண்ணும் ஆகாது. தோட்டாவும் இதுவும் எங்கிட்டயே இருக்கட்டும். ஒவ்வொண்ணா நான்தான் போடுவேன். போடும்போது நீங்க கார் நிக்கிற பக்கம் பாக்கணும். உள்ள என்ன இருக்குன்னு கேக்கக் கூடாது. உள்ள என்ன இருந்தாலும் துப்பாக்கி மலையைத்தான் பாக்கணும். சரியா?"

"சரி மேடம்."

புது அட்டையைக் கட்டினார்கள். காதடைப்பானை மாட்டிக்கொண்டார்கள். டாக்டர் கார்களைப் பார்த்து நின்றார். கூப்பிட்டதும் திரும்பிவந்து குறிபார்த்து அழுத்தினார்.

வெடித்தது. குண்டு வழக்கம்போல் கீழே, இடது பக்கம்.

மறுபடியும் கார்களைப் பார்த்தார். மறுபடியும் வந்து அழுத்தினார். 'டிக்' என்றது. வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கியின் மூக்கு சடாரென்று கீழே குத்திட்டு நின்றது.

டாக்டர் அதைப் பேய் கண்டதுபோல் பார்த்தார்.

"பாத்தீங்களா! நடுங்குது!"

"அப்படியே கையை நீட்டி நில்லுங்க. டிரிக்கரைத் தொடாதீங்க."

நின்றார். துப்பாக்கியும் நின்றது. மனிதர் கை எல்லாம் அசைகிற அளவுக்கு அசைந்தது, அவ்வளவுதான். மெஹருன்னிசா வெகுநேரம் அப்படியே நிற்கவைத்தார்.

"எங்க டாக்டர், உங்க நடுக்கம்? கூப்பிடுங்க, வரட்டும்."

டாக்டர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நடுக்கம் நேரம் பாத்தா வரும்? வெடிக்கப்போறப்ப மட்டும் எட்டிப் பாத்துட்டுப் போயிருமா? சத்தம் வரப்போகுதுன்னு உங்க கை முந்திக்கிட்டுக் குனியுது. குண்டு கிளம்புறதுக்குள்ள துப்பாக்கி தரையைப் பாத்துருது."

"எனக்கு இந்தச் சத்தத்துல என்ன பயம்? நான் டிரில் சத்தத்துலயே குடியிருக்கிறவன்."

"உங்களுக்குப் பயமில்லை. உங்க கை கிட்ட யாரு கேட்டா? காரைப் பாருங்க."

டிக். குனிந்தது.

டிக். குனிந்தது.

"ஒரு தோட்டாவாவது போடுங்க மேடம்."

"கேக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

டிக். இந்த முறை கொஞ்சம் குறைவாகக் குனிந்தது.

வெயில் ஏறியது. மற்றவர்கள் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள். டாக்டருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முதலில் எரிச்சல் வந்தது, பிறகு அலுப்பு வந்தது, பிறகு அதுவும் போய்விட்டது. இந்த அம்மாள் பிளக்கைத் தவிர வேறெதையும் போடப்போவதில்லை என்று அவர் முடிவுகட்டிவிட்டார். கூப்பிட்டால் வந்தார். குறியைப் பார்த்தார். அழுத்தினார். துப்பாக்கி இருந்த இடத்திலேயே இருந்தது. அடுத்த முறையும் இருந்தது.

"வெறும் பிளக்குன்னா யாரு கையும்தான் நிக்கும்," என்று முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு முறை அழுத்தினார்.

வெடித்தது.

டாக்டர் துள்ளிக் குதித்தார். ஆனால் அவர் துள்ளுவதற்கு முன்பே குண்டு போய்விட்டிருந்தது.

மெஹருன்னிசா துப்பாக்கியை வாங்கி, திறந்து பார்த்து, மேஜையில் வைத்தார். இருவரும் அட்டையை நோக்கி நடந்தார்கள். கீழே இடது பக்கம் பழைய ஓட்டை இருந்தது. கறுப்பு வட்டத்தின் நட்டநடுவில் புதிய ஓட்டை இருந்தது. டாக்டர் அதில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார்.

"இது நான் சுட்டதா?"

"நான் மேஜைகிட்டல்ல நின்னேன்?"

"உள்ள தோட்டா இருக்குன்னு சொல்லியிருக்கலாமே மேடம்."

"சொல்லியிருந்தா குனிஞ்சிருப்பீங்க."

டாக்டர் சிரித்தார். அந்த ஒரு வருஷத்தில் அவர் அங்கே அப்படிச் சிரித்ததில்லை. வலது கையை வெயிலில் நீட்டி, புறங்கையையும் உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொலைந்துபோன பிள்ளை திரும்பிவந்ததுபோல் அவருக்கு அதன்மேல் பிரியம் பொங்கியது.

திரும்பி நடக்கும்போது பாதி வழியில் நின்றுவிட்டார். சிரிப்பு போய்விட்டது.

"இன்னிக்கு இல்லை, ஒத்துக்கிறேன். ஆனா அப்பாவுக்கு வந்தது எனக்கும் வரலாம்ல? அடுத்த வருஷமோ, அதுக்கும் அடுத்த வருஷமோ. இப்பக் கேக்குற விலைக்கு அப்ப யாரு கேப்பா? கிளினிக்கை நாளைக்கே கொடுத்துட்டா நிம்மதியில்லையா?"

மெஹருன்னிசா அவரை மேஜைக்குக் கூட்டிவந்து, அங்கே கிடந்த பிளக்குகளைக் கூட்டி அள்ளிப் பைக்குள் போட்டார். பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்.

"வந்தா, அன்னிக்குக் கையைக் கீழ வையுங்க. இன்னும் வெடிக்கவே இல்லையே டாக்டர், இப்பவே எதுக்குக் குனியுறீங்க?"