செவலையின் பக்கம்

முன்னொரு காலத்திலே, மழை வேண்டிக் கும்பிடவும் வந்த மழைக்குப் பயப்படவும் தெரிந்த ஓர் ஊர் இருந்தது. அந்த வருஷம் பயப்பட வேண்டிய வருஷம். ஏரிக்கரையில் மூன்று ஆள் அகலத்துக்கு உடைப்பு. மழை வருவதற்குள் மூன்று பாறைக்கல் வைத்து அடைக்காவிட்டால், கரைக்குக் கீழே இருந்த முப்பது வீடும் போய்விடும்.

கல் இருந்தது மலைமேல். அந்தப் பாதையில் சக்கரம் உதவாது. வண்டி உருண்டு மாட்டின் மேலேயே ஏறிவிடும். அதனால் கவையாகப் பிரிந்த புளியங்கட்டையில் கல்லை ஏற்றி, நுகத்தடியில் சங்கிலி மாட்டித் தரையோடு இழுத்து வருவார்கள். அதற்குச் சறுக்குக்கட்டை என்று பெயர்.

சறுக்குக்கட்டை ஓட்ட மூக்கையனை விட்டால் ஆளில்லை. மாடும் அவனுடைய மயிலை, செவலை இரண்டுதான். ஊரில் மற்ற மாடெல்லாம் கோமாரி நோயில் போயிருந்தது. மூக்கையன் கெட்டிக்காரன்தான், ஆனால் காலில் வெந்நீர் கொட்டிய அவசரம். பாதி வழியில் மூச்சுப்பாறை என்று ஓர் இடம் உண்டு. மாட்டை அங்கே நிறுத்தி ஆறவிடாமல் யாரும் இறங்கியதில்லை. முதல் நாள் மூக்கையன் நிறுத்தாமல் இறங்கினான்.

முதல் கல் கரைக்கு வந்தது. செவலை நுகத்தடியிலேயே விழுந்து செத்தது.

நுகத்தில் பூட்டியபடியே மாடு செத்தால், அதன் கழுத்தைத் தொட்டு, "போதும், அவுத்துட்டேன்" என்று சொல்லித்தான் கயிற்றைக் கழற்ற வேண்டும். ஓட்டுகிறவர்களின் வழக்கம் அது. மூக்கையன் கயிற்றை வெடுக்கென்று உருவிக்கொண்டு போனான்.

மறுநாள் மயிலையை மட்டும் பூட்டினான். நுகத்தடியின் காலிப் பக்கம் கீழே சாயவில்லை. மாடு நின்றால் நிற்கும் உயரத்திலேயே நின்றது. சங்கிலி விறைத்தது. கல் நகர்ந்தது. மயிலையின் குளம்படிக்குப் பக்கத்தில் இன்னொரு குளம்படி தானாகப் புழுதியில் பதிந்துகொண்டே வந்தது.

மூக்கையனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்புறம், சொல்லவே கூசுகிறது, சந்தோஷம் வந்தது. புல் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், இப்படி ஒரு மாடு யாருக்குக் கிடைக்கும்?

இரண்டாம் கல் வந்ததும் அவன் மனைவி வீராயி சாயாமல் நின்ற நுகத்தடியைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினாள்.

"மாமா, அந்தப் பக்கம் எது இழுக்குது?"

"எது இழுத்தா என்ன? கல்லு வந்துச்சா இல்லையா?"

மூன்றாம் நாள் பட்டப்பகலிலேயே மேகம் இறங்கி மலையை மூடியது. மூன்றாம் கல்தான் பெரிய கல். மூச்சுப்பாறையில் மயிலை நிற்கப் பார்த்தது. பக்கத்தில் இருந்தது நிற்கவில்லை. மயிலையின் கழுத்து முறுக்கியது, வாயில் ரத்தநுரை தள்ளியது.

"ஓ... ஓ..." என்று கத்தினான் மூக்கையன். இழுப்பு நிற்கவில்லை.

அவிழ்த்தால் கல் மலையிலேயே கிடக்கும், ஊர் போகும். அவிழ்க்காவிட்டால் மயிலை சாகும். 'செத்தால் என்ன, இரண்டும் சேர்ந்து இழுக்குமே' என்று ஒரு நினைப்பு வந்தது பாருங்கள், அந்த நினைப்புக்குத்தான் அவன் பயந்தான். செத்த மாட்டுக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை.

ஓடிப்போய்க் காலிப் பக்கத்தில் கையை நீட்டினான். ஒன்றுமில்லாத காற்றில், வேர்வையில் நனைந்த சூடான தோல் கையில் பட்டது. அது நடுங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு அழுகை முட்டியது.

"போதும்டா செவலை. அவுத்துட்டேன். நீ போப்பா."

நுகத்தடி தடாலென்று சாய்ந்தது. கல் நின்றது.

மயிலைக்கு மூச்சு சீராகும்வரை மூக்கையன் காத்திருந்தான். பிறகு நுகத்தடியின் அந்தப் பக்கத்தைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டான். ஓரடி, ஈரடி, மூன்றாம் அடியில் எலும்பு நெறுநெறுத்தது. நூறடிக்குள் முழங்கால் மடங்கி விழுந்தான்.

மயிலை நின்றது. யாரும் அதட்டவில்லை, கயிற்றை இழுக்கவில்லை. அவன் எழுந்திருக்கும்வரை அசையாமல் நின்று, எழுந்ததும் நடந்தது. கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் அப்படி எத்தனையோ முறை நின்றது.

உடைப்பை அடைத்து முடித்தபோது முதல் தூறல் விழுந்தது. ஊர் பிழைத்தது. மூக்கையன் மட்டும் மாட்டின் முகத்தைப் பார்க்க முடியாமல் மழையிலேயே நின்றான்.

கேட்டவர்களே, உழைக்கிற உயிருக்குப் போதும் என்று சொல்ல மனம் வராதவன், அதன் கயிற்றைப் பிடிக்கத் தகுதியில்லாதவன்.