முதல் வரியில் பிழை

சிவனணைந்தானுக்கு அறுபத்தொரு வயது. அவருடைய குரு செய்யதலி பாத்திமாவுக்கு இருபத்தெட்டு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரித்தவர்களையெல்லாம் அவர் முறைத்துப் பார்த்தே அடக்கிவிட்டார்.

முப்பத்தோரு வருஷம் வாய்க்கால் லஸ்கராக இருந்தவர் அவர். ஷட்டரைத் திருகித் தண்ணீர் திறப்பதும் அடைப்பதும்தான் வேலை. எந்த மடைக்கு எந்த நாள் தண்ணீர் என்று தலைமடைச் சுவரில் ஒரு தாளை ஒட்டுவார்கள். பத்து மைல் தள்ளி இருக்கும் கடைமடைக்கு அந்தச் சேதி போய்ச் சேருவதற்குள் அவர்கள் முறை முடிந்து ஷட்டர் இறங்கியிருக்கும். ஒரு வருஷம் மாடத்தி என்கிற பொம்பளை நாற்றுக்கட்டோடு வந்து, அடைத்த மடையைப் பார்த்துவிட்டு, அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் உட்கார்ந்திருந்த கோலம் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் அவரை விடவில்லை.

அதனால்தான் இந்த வயசில் பாத்திமா டீச்சரிடம் கம்ப்யூட்டர் வகுப்பு. முறைநாளைக் கைபேசியிலேயே பார்க்கும்படி ஒரு இணையப் பக்கம் செய்துவிட வேண்டும். செய்வதற்கு முன்பே, விவசாயிகள் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து வாக்குக் கொடுத்தும் விட்டார். முதல் வரிசையில் மாடத்தி இருந்தாள். தண்ணீர் திறப்பது வியாழக்கிழமை.

டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி வீட்டுக் கம்ப்யூட்டரில் சர்வரை ஏற்றினார். முதலில் வீட்டில் ஓட வேண்டும், பிறகுதான் வெளியே ஏற்றலாம். சர்வர் கண் விழிக்கும்போது ஒரு ஃபைலை மேலிருந்து கீழாக வாசிக்கும். நாற்பது வரி. டீச்சர் கொடுத்ததைப் பார்த்து அவரே ஒற்றை விரலால் தட்டினார். ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினார். சர்வர் எழுந்திருக்கவில்லை. முதல் வரியில் பிழை, இந்தக் கட்டளை புரியவில்லை என்று இங்கிலீஷில் வந்தது. பக்கத்தில் கிறுக்கல் மாதிரி என்னமோ நாலு எழுத்து.

முதல் வரியில் இருப்பது சர்வர் குடியிருக்கும் ஃபோல்டரின் விலாசம். எழுத்தெழுத்தாகப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை.

ஒன்பது நாள் போயிற்று. நாலு தடவை மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். ஒவ்வொரு தடவையும் போன தடவையைவிடப் பயபக்தியோடு தொடங்கினார். மச்சினன் வைரஸ் என்றான். வீட்டுக்காரி மேஜையைக் கிழக்கே பார்த்துத் திருப்பச் சொன்னாள், திருப்பியும் பார்த்தார். மெஷின் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில், இந்தப் பெட்டி பொய் சொல்லுகிறது என்ற முடிவுக்கு வந்தார். நாற்பது வரியையும் அச்செடுத்துக்கொண்டு மேலப்பாளையத்தில் இருக்கும் டீச்சர் வீட்டுக்குப் பஸ் ஏறினார்.

டீச்சர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சிவனணைந்தான் தாளை நீட்டினார். டீச்சர் வாங்கவில்லை.

"கை ஈரம். வாசிங்க சார், கேக்கேன்."

நாற்பது வரியையும் வாசித்தார்.

"முதல்லேருந்து வாசிங்க."

"முதல்லேருந்துதான் வாசிச்சேன் டீச்சர்."

"இன்னொருக்க."

இன்னொரு தடவை வாசித்தார். மூன்றாவது தடவையும் ஆயிற்று. இந்தப் பிள்ளைக்குக் காது மந்தமோ என்றுகூட அவருக்குத் தோன்றியது. குரல் தானாக ஏறியது. நாளைக் கழித்து மறுநாள் தண்ணீர் திறக்கிறார்கள், நான் இங்கே பாடம் ஒப்பிச்சிக்கிட்டு இருக்கேன் என்று முணுமுணுத்தார். டீச்சர் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கடைமடையில தண்ணி வரலைன்னா நீங்க எங்க போய்ப் பார்ப்பீங்க?"

"தலைமடைக்குத்தான் போவேன். அங்கேருந்து கரையோட நடந்தே வருவேன்."

"சைக்கிள்ல வரமாட்டீங்களா?"

"சைக்கிள்ல வந்தா உடைப்பு கண்ணுல படாது."

"அப்ப விரலை வச்சு நடங்க. தாளோட மேல் ஓரத்துலேருந்து."

எரிச்சலோடுதான் விரலை வைத்தார். வெற்றுத் தாளில் விரல் இறங்கி வந்தது. ஃபோல்டர் விலாசத்துக்கு வருவதற்கு முன்னாலேயே எதையோ தொட்டு நின்றது.

உ

அதற்குக் கீழே இரண்டு சமக்குறி. அது நாலாவது தடவை பக்தி முற்றிப் போட்டது.

பிள்ளையார் சுழி. மளிகைச் சீட்டானாலும் மகள் கல்யாணப் பத்திரிகையானாலும் அது இல்லாமல் அவர் பேனா இறங்கியதில்லை. அதை அவர் எழுதுவதாகவே நினைத்ததில்லை, கை அதுபாட்டுக்குப் போட்டுவிடும். வாசிக்கும்போது கண்ணும் அதைத் தாண்டிப் போய்விடும். மெஷினுக்கு அதெல்லாம் தெரியுமா? அதையும் ஒரு கட்டளை என்று எடுத்துக்கொண்டு, முதல் வரி எனக்குப் புரியவில்லையே என்று ஒன்பது நாளாக உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறது. பக்கத்தில் வந்த அந்தக் கிறுக்கலும் மெஷின் தன் பாஷையில் எழுதிக் காட்டிய இந்தச் சுழிதான்.

சிவனணைந்தானுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. சுழி இல்லாமல் தண்ணீர்க் காரியத்தைத் தொடங்குவதா?

"இதை அழிச்சிரணுமா டீச்சர்?"

"நான் அழிக்கச் சொல்லலையே. வரிக்கு முன்னால ஹேஷ் குறி போட்டா மெஷின் அந்த வரியை வாசிக்காதுன்னு முதல் வகுப்புலயே சொன்னேன்லா?"

"அப்ப சுழி இருக்குமா?"

"இருக்கும். மெஷின் கண்டுக்கிடாது."

வீட்டுக்கு வந்து சுழிக்கு முன்னால் ஒரு ஹேஷ், சமக்குறிகளுக்கு முன்னால் ஒரு ஹேஷ் போட்டார். பொத்தானை அமுக்கியதும் சர்வர் சமத்தாக எழுந்துகொண்டது. புதன்கிழமை டீச்சர் உதவியோடு பக்கம் வெளியே ஏறியது. கடைமடை முறை வந்த நாளில் மாடத்தி கையில் போனோடு தண்ணீருக்கு முன்னால் வந்து நின்றாள். மடைக்குள் தண்ணீர் நுழைந்தபோது, "வந்துட்டு" என்று மட்டும் சொன்னாள். சிவனணைந்தான் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் நாட்டு வாழைப்பழம் ஒரு தாரோடு டீச்சர் வீட்டுக்குப் போனார். மனசு நிறைந்துதான் இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் குடைந்துகொண்டே இருந்தது. பழத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"தாளை நீங்க தொடக்கூட இல்லையே. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

டீச்சர் தன் கம்ப்யூட்டரில் ஒரு பழைய ஃபைலைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினார். படிக்கிற காலத்தில் முதன்முதலில் சர்வர் ஏற்றப் பழகியபோது எழுதியது. தலையில், ஒரு ஹேஷ் குறிக்குப் பின்னால், அவர்கள் வீட்டில் எதை எழுதினாலும் முதலில் போடும் எண் இருந்தது.

# 786

"முதல்ல நான் ஹேஷ் இல்லாமத்தான் போட்டிருந்தேன். மெஷின் பிழைன்னு சொல்லி, இந்த நம்பரைத் திரையிலயே போட்டுக் காட்டுச்சு. பரவாயில்லையே, இதுவும் நம்மளை மாதிரியே ஆரம்பிக்குதுன்னு நினைச்சு விட்டுட்டேன்."

சிவனணைந்தான் திரையையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுக்கு ஒன்பது நாள்தானே சார்? எனக்குப் பதினொண்ணு."