மலை முழுக்க ஒரே கிழங்கு

முகில்மலைக் காட்டில் விலங்குகள் உருளைக்கிழங்கு பயிரிட்டு வந்தன. ஒன்றல்ல, முப்பது வகை! கறுப்பு, சிவப்பு, ஊதா, விரல் போல நீண்டது, உடம்பெல்லாம் முடிச்சு விழுந்தது, வாயில் வைத்தால் கசப்பது. எல்லாவற்றையும் ஒரே பாத்தியில் கலந்துதான் நடும். நடவுக்கு முன் ஒவ்வொரு வீடும் பக்கத்து வீட்டுக்கு ஒரு கை விதைக்கிழங்கு கொடுத்து, அங்கிருந்து ஒரு கை வாங்கி வர வேண்டும். அது அந்த மலையின் வழக்கம்.

ஒருநாள் மலைக்கு ஒரு நிபுணர் வந்தார். செவ்வாலன் என்ற குரங்கு. மூன்று நாள் அடிவாரத்துச் சந்தைக் கூரையில் உட்கார்ந்திருந்தவர். நிபுணர் ஆவதற்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

"தலைவரே, இதெல்லாம் ஒரு கிழங்கா? கோணலும் மாணலுமா! இதைப் பாருங்க!" என்று தன் கன்னப்பையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்தார். வெள்ளை, உருண்டை, வழவழப்பு. "மலை முழுக்க இது ஒண்ணுதான் இருக்கணும். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். அதுதான் முன்னேற்றம்!"

தலைவர் கரடிக்கு முன்னேற்றம் என்றால் உயிர். அது என்னவென்று மட்டும் தெரியாது. "ஆகா!" என்று கை தட்டியது. முயல்கள் அதைவிட வேகமாகத் தட்டின.

அடிவாரத்திலிருந்து வெள்ளைக் கிழங்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. பழைய விதைக்கிழங்கு? அவித்துத் தின்றுவிட்டன! அதற்கு 'விடுதலை விருந்து' என்று பெயர் வேறு. விதையைத் தின்று விழா எடுத்த புத்திசாலிகளை வேறெங்கும் பார்க்க முடியாது.

சடைச்சி என்ற முள்ளம்பன்றி மட்டும் விருந்துக்குப் போகவில்லை, தன் விதைக்கிழங்கையும் அவிக்கவில்லை. இரண்டு குட்டிகளின் தாய் அது.

"ஏம்மா சடைச்சி, உனக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்று கரடி உறுமியது.

"குளிர்காலத்துல என் குட்டிங்க பசிக்கு அழுதா, உங்க அழகுக் கிழங்கு வந்து பதில் சொல்லுமா தலைவரே? எந்த வருஷம் எது பிழைக்கும்னு எனக்குத் தெரியாது. அதான் எல்லாத்தையும் நடுறேன்."

"தெரியாதாம்!" குரங்கார் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்குத் தெரியும்!"

அந்த வருடம் சடைச்சிக்கு யாரும் ஒரு கை விதை கொடுக்கவில்லை. அதனிடம் வாங்கவும் இல்லை. மேட்டுக் கல்லாங்காட்டில் அது தனியாக நட்டது. அழுதுகொண்டேதான் செடிகளுக்கு மண் அணைத்தது.

கீழே வெள்ளைக்கிழங்குச் செடிகள் வரிசை பிசகாமல் நின்றன. குரங்கார் தினமும் நடுவே நடந்து வணக்கம் வாங்கிக்கொண்டார். பிறகு பத்து நாள் விடாத மழை. கூடவே கருகல் நோய். எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டு, நோய்க்கு ஒரு சாவி போதுமே! ஒரே வாரத்தில் மலை நாறியது. எல்லாச் செடியும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் அழுகின. முன்னேற்றம் என்றால் இதுவல்லவா முன்னேற்றம்!

சடைச்சியின் பாத்தியையும் நோய் விடவில்லை. பத்தொன்பது வகை போயின. பதினொன்று பிழைத்தன. பெரும்பாலும் அந்தக் கோணல் மாணல்கள்தான்.

பனி இறங்கியதும் கரடி மேடேறி வந்தது. பின்னால் முயல்கள். கரடியின் முதுகில் அதன் குட்டி, பசியில் தலை தூக்க முடியாமல் கிடந்தது.

"சடைச்சி... ஒரு கை கிழங்கு கிடைக்குமாம்மா? பதிலுக்குக் கொடுக்க என்கிட்ட ஒண்ணுமில்ல."

சடைச்சிக்குக் கோபம் பொங்கியது. ஆனால் குட்டியைப் பார்த்ததும், அவித்த கிழங்கை முதலில் அதன் வாயில் ஊட்டியது. பிறகு பதினொரு வகையையும் கலந்து கரடியின் கை நிறையக் கொடுத்தது.

"இது திங்க இல்ல தலைவரே, நடுறதுக்கு! விளைஞ்சதும் எனக்கு ஒரு கை வந்தாகணும். வழக்கம்னா வழக்கம்தான்!"

அப்போது குரங்கார் எங்கிருந்தோ பாய்ந்து வந்தார். முடிச்சு விழுந்த கிழங்கு ஒன்றைப் பிடுங்கி உயரத் தூக்கினார்.

"கண்டுபிடிச்சிட்டேன்! நோயைத் தாங்கினது இதுதான்! இனிமே மலை முழுக்க இது ஒண்ணு மட்டும்..."

முயல்கள் கை தட்டத் தொடங்கின. கரடியின் கைகளும் கிழங்கோடு பழக்கத்தில் மேலே போயின. பாதியில் நின்றன. அது திரும்பித் தன் குட்டியைப் பார்த்தது. பிறகு கசப்புக் கிழங்கு ஒன்றைப் பொறுக்கி எடுத்து, நிபுணரின் வாயில் முழுசாகத் திணித்தது.

"மெல்லுங்க, நிபுணரே! மிச்சம் பத்து வகையும் வரிசையா வருது!"

எல்லாம் ஒன்றுபோல இருந்தால் பார்க்க அழகுதான், ஆனால் அழிவும் ஒரேயடியாக வரும். பல வகையைக் காப்பவரே பஞ்சத்தைத் தாண்டுவார்.